ஏபி கூட்டத்தைப் பிரிக்க: கன்ட்ரோலரா, பவர் குறைப்பா?

எங்கள் விடுதியில் படிப்பறை வாசலில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி, சுருக்கமாக ஏபி) எல்லோரும் மொய்ப்பார்கள். வராந்தாக் கோடியில் இருப்பது ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். இதைச் சமாளிக்க, ஏபிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கன்ட்ரோலரில், கூட்டத்தைப் பகிர்ந்துவிடும் லோட் பேலன்சிங்கை ஆன் செய்யலாம். இல்லையென்றால் ஏபிகளின் பவரையும் குறைந்தபட்ச டேட்டா ரேட்டையும் (ஏபி அனுமதிக்கும் மிகக் குறைந்த வேகம்) கைப்பட சரிசெய்யலாம். நான் இரண்டாவது கட்சி.

கன்ட்ரோலர் வழி சுலபம், ஒரு டிக் போதும். கூட்டம் கூடிய ஏபி, புதிதாக வரும் கருவியைச் சேர்க்க மறுக்கும். சிஸ்கோ கன்ட்ரோலர்களில் வழக்கமாக மூன்று மறுப்பு வரைதான். அதற்குப் பிறகும் வந்தால் உள்ளே விட்டுவிடும். ஆனால் வைஃபையில் எந்த ஏபியில் சேர்வது என்பதைக் கருவிதான் தீர்மானிக்கிறது. சில போன்கள் திரும்பத் திரும்ப அதே கதவைத் தட்டும். அதற்குள் வார்டனிடம் புகார் போய்விடும். ஆட்களை மட்டும் எண்ணிப் பார்ப்பதும் சிக்கல்தான். பையில் சும்மா கிடக்கும் முப்பது போன்களைவிட வீடியோ ஓட்டும் ஐந்து லேப்டாப்கள் பெரிய சுமை. 802.11வி என்ற வைஃபை தர நெறி வழியாக ‘அந்தப் பக்கம் போ’ என்று தன்மையாகச் சொல்லவும் முடியும். கேட்பதும் கேட்காததும் கருவியின் இஷ்டம்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். ஒவ்வொரு கல்வியாண்டும் புதுப் பிள்ளைகள், புது மாடல்கள். மறுத்தால் எந்த மாடல் என்ன செய்யும் என்று லாக்கைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பவர் விஷயத்தில் உழைப்பெல்லாம் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். ஐபோன் பொதுவாக சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்) கீழே இறங்கினால்தான் வேறு ஏபியைத் தேடும். ஏபி 20 டிபிஎம்மில் கத்தும்போது மாடிப்படியருகே மைனஸ் 65 கிடைத்தால் அது ஏன் நகரப் போகிறது? பவரை 11-க்கு இறக்கினால் அதே இடத்தில் மைனஸ் 74. போன் தானாகவே கைமாறும். கூடவே 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களை நிறுத்தி 12-ஐ அடிப்படை ஆக்கினேன். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் (வைஃபை பெயர்) நொடிக்குச் சுமார் பத்து முறை போகும் பீக்கன்கள் (‘நான் இருக்கிறேன்’ என்ற ஏபியின் அறிவிப்புகள்) அடிப்படை வேகத்தில்தான் போகும் என்பதால், காற்றில் நேரம் மிச்சமாகிறது. 1, 6, 11 என்று ஒன்றோடொன்று மோதாத மூன்றே சேனல்களை வைத்துக்கொண்டு ஓட்டும் இடத்தில் அது சின்ன லாபமில்லை.

பவரை ரொம்பக் குறைத்தால் ஓரத்து அறைகளில் சிக்னல் செத்துவிடும், 802.11பி என்ற பழைய வைஃபை மட்டும் தெரிந்த பழைய பிரின்டர்களும் வெளியே நிற்கும். அப்புறம், என் அனுபவம் சுவர் நிறைந்த கட்டடங்களோடு சரி. எல்லா ஏபியும் எல்லோருக்கும் பளிச்சென்று கேட்கும் பெரிய ஹாலில் கன்ட்ரோலர் வழி எடுபடலாம்.