மட்டக்குதிரையா, குதிரைக்குட்டியா?

இரண்டுமே சின்னதாக இருப்பதால் பலர் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடுகிறார்கள். மட்டக்குதிரை வளர்ந்து முடிந்த குதிரை. கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் அளந்தால் சுமார் 147 சென்டிமீட்டருக்குள் நிற்கும், அவ்வளவுதான் அதன் உயரம். குட்டி என்பது எந்த இனமானாலும் ஒரு வயதுக்குள் இருப்பது. உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால், கட்டையாக விறைத்து நிற்கும் பிடரி, இன்னும் நீளாத வால், இதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மகளுக்காக நான் வாங்கியது மட்டக்குதிரைதான். குட்டியாக வாங்கினால் பிள்ளையோடு சேர்ந்து வளரும் என்று நிறையப் பேர் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வயதுக் கணக்கு ஒத்துவராது. 6 மாதத்தில் பால் மறந்த குட்டியை வாங்கினால், முதுகில் ஆளை ஏற்ற அதற்குக் குறைந்தது 3 வயதாவது ஆக வேண்டும், அப்போதும் முதுகெலும்பு முழுசாக முற்றியிருக்காது, அதற்கு 5 வயது தாண்ட வேண்டும் என்பதால் கொஞ்ச காலம் லேசான சவாரிதான், அதையும் கைதேர்ந்த ஒருவர்தான் செய்ய வேண்டும். 7 வயதுப் பிள்ளைக்கு வாங்கினால் குறைந்தது 10 வயது வரை தடவிக்கொடுக்கலாம், ஏற முடியாது. அதுவரை தீனியும் பூச்சி மருந்தும் குளம்பு சீவுகிற செலவும் நிற்காது. அப்புறம் ஏறும் நாள் வரும்போது குதிரைக்கும் சவாரி புதிது, பிள்ளைக்கும் புதிது. மிரண்டு ஓடினால் யார் அடக்குவது? எனக்கு முடிவைத் தந்தது இந்தக் கேள்விதான்.

10, 12 வயதான மட்டக்குதிரை ஏற்கெனவே பல பிள்ளைகளைச் சுமந்திருக்கும், கடிவாளத்தைத் தப்பாக இழுத்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். கிழடு என்று ஒதுக்க வேண்டாம், 30 வயது வரை வாழ்பவை உண்டு. பிடிவாதம் பிடிக்கும், அது உண்மை. குட்டியை முதலிலிருந்து பழக்கி எடுத்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், அந்த அனுபவம் எனக்கு இல்லை.

மட்டக்குதிரையில் நிஜமாகவே கவனிக்க வேண்டியது தீனி. கொஞ்சம் தின்றாலே கொழுத்துவிடும், செழித்த பச்சைப் புல்லில் நாள் முழுக்க விட்டால் குளம்புக்குள் அழற்சி வந்துவிடும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து நிற்கிறதா, குளம்பைத் தொட்டால் சுடுகிறதா என்று தினமும் பாருங்கள். அப்படி இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.