முதல் தேர்வு பேட்டருக்கா, பிட்சருக்கா? கப்ஸும் மெட்ஸும் போன இரண்டு வழிகள்

அமெரிக்க பேஸ்பாலில் 2015 அக்டோபரில் நேஷனல் லீக் (இரண்டு லீக்குகளில் ஒன்று) இறுதித் தொடரில் நியூயார்க் மெட்ஸ் அணி சிகாகோ கப்ஸை 4-0 என்று வாரிச் சுருட்டியது. நான்கு ஆட்டத்திலும் சேர்த்து கப்ஸ் எடுத்தது 8 ரன். ஒரு கட்டத்தில்கூட அவர்கள் முன்னிலையில் இல்லை. மாட் ஹார்வி, நோவா சிண்டர்கார்ட், ஜேக்கப் டிகிராம், ஸ்டீவன் மாட்ஸ் என்று நாலு நாளும் நாலு இளம் பிட்சர்கள், அதாவது பந்து எறிபவர்கள். "பேட்டர்களாகப் பொறுக்கிச் சேர்த்தால் இதுதான் கதி, அக்டோபரில் ஜெயிக்க வைப்பது பிட்சிங்தான்" என்று அன்று சொல்லாத ரசிகர் குறைவு. பதின்மூன்றே மாதத்தில், 2016 நவம்பர் 2 அன்று, அதே கப்ஸ் கிளீவ்லேண்டில் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று வென்று 108 ஆண்டு கோப்பை வறட்சியை முடித்தார்கள். மெட்ஸோ 2017-இல் 70 வெற்றி, 92 தோல்வி.

ஒரு தொடரின் முடிவை வைத்து டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) கொள்கையை எடை போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் சாய்வு பேட்டர் பக்கம்தான். முதல் சுற்றில் பேட்டர், பிட்சரைப் பின்சுற்றுகளிலும் சந்தையிலும் தேடுவது. அதற்கான காரணம் திறமைக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில் இருக்கிறது.

தெரிந்தவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். பேட்டர் கிட்டத்தட்ட தினமும் ஆடுவார், தொடக்க பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறை. ஆனால் அந்த ஒரு நாளில் ஆட்டத்தின் பெரும்பங்கு பிட்சர் கையில். முதல்தரப் பிட்சர் வெளிச்சந்தைக்கு வந்தால் விலை தலைசுற்றும். இதெல்லாம் இரு தரப்பும் ஒத்துக்கொள்வதுதான். ஒரு நேர்மைக் குறிப்பும் வேண்டும்: மெட்ஸை "பிட்சர் வழி" என்று சொல்வது அணியின் அச்சு எது என்பதை வைத்துத்தான். ஹார்வி 2010-இன் ஏழாவது தேர்வு, மாட்ஸ் 2009-இன் இரண்டாம் சுற்று. டிகிராம் ஒன்பதாம் சுற்றில் கிடைத்தவர், சிண்டர்கார்டும் ஸாக் வீலரும் வேறு அணிகளுடன் செய்த வீரர் பரிமாற்ற வியாபாரத்தில் வந்தவர்கள். 2011 முதல் 2014 வரை மெட்ஸின் முதல் தேர்வு எல்லாமே பேட்டர்கள்தான். கப்ஸ் பக்கம் கோடு இன்னும் நேராக இருக்கிறது. தியோ எப்ஸ்டீன் அணி நிர்வாகப் பொறுப்பேற்ற பிறகு 2012 ஆல்பர்ட் அல்மோரா, 2013 கிரிஸ் பிரையன்ட், 2014 கைல் ஷ்வார்பர், 2015 இயன் ஹாப் என நான்கு ஆண்டும் முதல் தேர்வு பேட்டருக்கே.

இனி நாள் கணக்கு. ஒரு வீரர் மேஜர் லீக் (உச்ச நிலை லீக்) பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு சேவை. அப்படி ஆறு ஆண்டு நிறைந்தால் அவர் சுதந்திர வீரர், யார் வேண்டுமானாலும் ஒப்பந்தம் போடலாம். முதல் மூன்று ஆண்டு குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம், அடுத்த மூன்றும் நடுவர் மன்ற முறைச் சம்பளம். ஆக, டிராஃப்டில் அணி உண்மையில் வாங்குவது ஆளை அல்ல, இந்த ஆறு ஆண்டை. பலர் கவனிக்காத விதி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. மேஜர் லீக் காயப் பட்டியலில் கிடக்கும் நாளும் சேவை நாள்தான். 60 நாள் காயப் பட்டியலில் போட்டால் அணியின் நாற்பது பேர் பட்டியலில் ஓர் இடம் காலியாகும், அவ்வளவுதான் லாபம். சம்பளமும் ஓடும், கடிகாரமும் ஓடும்.

பிட்சரின் முழங்கை உள்பக்கத் தசைநார் அறுந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. மணிக்கட்டுப் பக்கத்திலிருந்தோ தொடையிலிருந்தோ தசைநாண் எடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோர்த்துக் கட்டுவார்கள். திரும்ப ஆட 14 முதல் 18 மாதம். வேகம் பெரும்பாலும் முதலில் திரும்பிவிடும். பந்தை நினைத்த இடத்தில் வைக்கும் கட்டுப்பாடு பின்னால்தான் வரும். அதனால் திரும்பிய முதல் சீசனும் அரைகுறைதான். ஒரே ஒரு சிகிச்சைக்கு ஆறில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு போய்விடுகிறது.

ஹார்வியின் ஏட்டைத் திறந்து பார்த்தால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். 2012 ஜூலை கடைசியில் அறிமுகம். 2013-இல் 26 ஆட்டம் தொடங்கி 2.27 ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவ்வளவு ரன்தான் விட்டார். சொந்த மைதானத்தில், சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தையும் அவரே தொடங்கினார். அந்த அக்டோபரிலேயே டாமி ஜான். 2014 முழுக்கப் போச்சு. 2015 மறுபடி அருமை, 2.71. பிளேஆஃப் சேர்த்து 216 இன்னிங்ஸ் வீசினார். 2016 ஜூலையில் தோள்பட்டைக்கு மேலே நரம்பு அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை. 2017-இல் தோள் காயமும் 6.70 ஈஆர்ஏவும். 2018 மே மாதம் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அணியிடம் இருந்த ஆண்டுகளில் முழுசாக, தரமாகக் கிடைத்தவை இரண்டே. ஆனால் கடிகாரத்தில் எல்லா ஆண்டும் பதிவாகிவிட்டது.

வீலர் கதை இன்னும் வலிக்கும். 2015 மார்ச்சில் டாமி ஜான். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மெட்ஸுக்காக ஒரு பந்துகூட வீசவில்லை, சேவை மட்டும் ஏறிக்கொண்டே போனது. நன்றாகத் தேறி 2018, 2019 இரண்டிலும் வீசினார். உடனே ஆறு ஆண்டு முடிந்து, ஃபிலடெல்ஃபியா 5 ஆண்டுக்கு 11.8 கோடி டாலர் கொடுத்துத் தூக்கிக்கொண்டது. அவருடைய உச்சம் அங்கேதான். ஹார்வி, டிகிராம், சிண்டர்கார்ட், மாட்ஸ், வீலர் ஐவரும் ஒரே சுற்றில் வரிசையாக ஆட்டம் தொடங்கியது 2018 ஏப்ரலில்தான் முதல்முறை. ஹார்வி அதற்கடுத்த மாதமே போய்விட்டார்.

எதிர்வாதத்துக்கும் இதிலேயே இடம் இருக்கிறது. டிகிராமுக்கும் மாட்ஸுக்கும் 2010-லேயே, மைனர் லீக் (மேஜருக்குக் கீழ்நிலை லீக்) காலத்தில், முழங்கை போயிற்று. அங்கே காயம்பட்டால் மேஜர் லீக் கடிகாரம் ஓடாது. அதனால் மெட்ஸுக்கு டிகிராமின் நல்ல ஆண்டுகள் அப்படியே கிடைத்தன: 2014-இன் சிறந்த புதுமுகம், 2018, 2019 இரண்டிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அதற்கு விலை வயது. முதல் ஆட்டம் ஆடும்போது அவர் 26-ஐ நெருங்கிவிட்டார். ஆக பிட்சருக்கு முழங்கை போகுமா என்பதோடு, எப்போது போகும் என்பதும் கேள்வி. அது அணியின் கையில் இல்லை என்பதுதான் சிக்கல்.

இப்போது பிரையன்ட். 2013-இல் ஹூஸ்டன் முதல் தேர்வாக மார்க் அப்பெல் என்ற பிட்சரை எடுத்தது. இரண்டாவதாக கப்ஸ் பிரையன்டை எடுத்தது, போனஸ் 67 லட்சம் டாலர். அப்பெல் ஹூஸ்டனுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டமும் ஆடாமலே கைமாறி, 2022-இல் தன் முப்பதாவது வயதில்தான் ஃபிலடெல்ஃபியாவுக்கு அறிமுகமானார். பிரையன்டை 2015-இல் கப்ஸ் சீசன் தொடங்கியதும் இறக்கவில்லை. ஏப்ரல் 17 வரை மைனரில் நிறுத்திவைத்தார்கள். ஆண்டு முடிவில் அவர் கணக்கு 171 நாள். ஒரு நாள் குறைவு, அதனால் ஆறு ஆண்டு ஏழானது. அவர் தொடுத்த முறையீடு 2020 ஜனவரியில் அணிக்குச் சாதகமாகவே முடிந்தது. வீரரின் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயமே இல்லை. வீரர்கள் சங்கத்துடன் 2022-இல் போட்ட ஒப்பந்தத்தில் சிறந்த புதுமுக விருதில் முதல் இரண்டு இடம் வருபவருக்கு முழு ஆண்டு சேவை கொடுத்தது இந்த மாதிரி வேலையைத் தடுக்கத்தான். ஆனால் அந்த ஏழு ஆண்டை அவர் நிரப்பினார் என்பதே இங்கே முக்கியம். முதல் மூன்று சீசனில் 151, 155, 151 ஆட்டங்கள். 2015 சிறந்த புதுமுகம், 2016 மிகச்சிறந்த வீரர். தோள் காயம் தொந்தரவு செய்த 2018-இல்கூட 102 ஆட்டம்.

பேட்டருக்குக் காயமே வராது என்று யாரும் சொல்லவில்லை. 2016 ஏப்ரலில் ஷ்வார்பர் சக வீரருடன் மோதி முழங்கால் தசைநார் அறுந்து சீசன் முழுக்கப் போனது. ஆனால் அந்த முழங்காலோடு அவரை உலகத் தொடரில் வெறும் பேட்டராக இறக்க முடிந்தது, .412 சராசரி அடித்தார். கை போன பிட்சரை வைத்து இப்படி எதுவும் செய்ய முடியாது.

மறுவிற்பனையிலும் இதே வேறுபாடுதான். 2020-இல் மெட்ஸ் பத்தொன்பதாவது தேர்வாக பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங்கை எடுத்தது. 2021-இல் தோள் அறுவை சிகிச்சை முடிந்து உட்கார்ந்திருந்த நிலையிலேயே அவரைக் கொடுத்து மெட்ஸ் கப்ஸிடமிருந்து ஹாவியர் பாயெஸை வாங்கியது. அடிபட்ட பேட்டருக்கு அவ்வளவு மதிப்பு. 2025-இல் அவர் கப்ஸுக்காக 31 ஹோம்ரன், 35 ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த தளத்துக்குத் திருட்டு ஓட்டம்). அதே வாரம் விற்ற பிரையன்டுக்கு ஒப்பந்தம் முடிய இரண்டு மாதமே இருந்ததால் கப்ஸுக்குக் கிடைத்தது சொற்பம். விற்பதென்றால் ஒன்றரை ஆண்டு முன்பே விற்றிருக்க வேண்டும்.

பேட்டர் வழியின் பலவீனம் எங்கே என்றால், பிட்சர்களை வெளியிலிருந்தே கொண்டுவர வேண்டும். 2016 கப்ஸின் ஐந்து தொடக்க பிட்சர்களில் ஒருவர்கூட அவர்கள் டிராஃப்ட் செய்தவர் இல்லை. ஜான் லெஸ்டர் 6 ஆண்டு 15.5 கோடி டாலருக்கு வந்தவர். ஜான் லாக்கி, ஜேசன் ஹாமெல் இருவரும் சந்தையில் வாங்கியவர்கள். ஜேக் அரியேட்டாவும் கைல் ஹென்ட்ரிக்ஸும் வியாபாரத்தில். அந்த ஐவரும் 162-இல் 152 ஆட்டங்களைத் தொடங்கினார்கள். அதிர்ஷ்டமும் உண்டு, ஆனால் முழுக்க அதிர்ஷ்டம் இல்லை. லெஸ்டர் 2008 முதலே ஆண்டுதோறும் முப்பதுக்கு மேல் தொடங்கியவர். கை தாங்கும் என்று நிரூபித்த பிறகு வாங்குகிறீர்கள், உடையக்கூடிய ஆண்டுகளை வேறு அணி சுமந்துவிட்டது. ஆனால் சந்தை எப்போதும் இப்படிக் கைகொடுக்காது. 2018-இல் யூ தர்விஷை 12.6 கோடிக்கு எடுத்தார்கள், முதல் ஆண்டில் 8 ஆட்டமே தொடங்கினார். 2017-இல் ஹோசே கின்டானாவுக்காக எலோய் ஹிமெனஸையும் டிலன் சீஸையும் கொடுத்தார்கள். சீஸ் 2022-இல் சை யங் ஓட்டில் இரண்டாவது. அந்த வியாபாரம் இன்றும் உறுத்துகிறது.

சீஸ் எப்படி வந்தார் என்பதில்தான் இந்த வழியின் நல்ல பக்கம் இருக்கிறது. டிராஃப்ட் ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. முதல் பத்துச் சுற்றில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மதிப்புத் தொகை, அவற்றின் கூட்டே அணியின் போனஸ் நிதி. நிதியை 5 சதவீதம் வரை தாண்டினால் தாண்டிய தொகைக்கு 75 சதவீத வரி. அதற்கும் மேல் போனால் வரியோடு அடுத்த முதல் சுற்றுத் தேர்வும் பறிபோகும். எனவே மேலே மிச்சம் பிடித்தால்தான் கீழே செலவழிக்கலாம். 2014-இல் நான்காவது தேர்வுக்கு மதிப்பு சுமார் 46 லட்சம். ஷ்வார்பர் 31.25 லட்சத்துக்குச் சம்மதித்தார். மிச்சமான 15 லட்சத்தை வைத்து கல்லூரிக்குப் போகவிருந்த பள்ளி பிட்சர்களை வளைத்தார்கள்: நான்காம் சுற்றில் கார்சன் சாண்ட்ஸ் 11 லட்சம், ஐந்தில் ஜஸ்டின் ஸ்டீல் 10 லட்சம், ஆறில் முழங்கை ஏற்கெனவே பழுதாகியிருந்த சீஸ் 15 லட்சம். மூவரில் இருவர் தேறினார்கள். ஸ்டீல் 2023-இல் ஆல் ஸ்டார். பிட்சரை இப்படித்தான் வாங்க வேண்டும்: எண்ணிக்கையில், மிச்சப் பணத்தில், ஒருவர் உடைந்தாலும் அணி உடையாதபடி.

இந்தக் கணக்கு சறுக்கும் இடமும் உண்டு. ஒரு தேர்வு கையெழுத்துப் போடாவிட்டால் அவருடைய மதிப்புத் தொகையும் நிதியிலிருந்து கழியும். 2014-இல் ஹூஸ்டன் முதல் தேர்வாக எடுத்த பிட்சர் பிராடி எய்க்கனின் முழங்கை ஸ்கேனில் சந்தேகம் வந்து போனஸைக் குறைத்துப் பேசியது. பேச்சு முறிந்தது. எய்க்கனின் போனஸில் மிச்சமாகும் பணத்தை நம்பி ஐந்தாம் சுற்றில் பேசிவைத்திருந்த இன்னொரு பிட்சரும் கைநழுவினார். மேல் தேர்வின் மருத்துவ அறிக்கை கையில் வரும் வரை கீழே யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. எய்க்கனுக்கு மறு மார்ச்சில் டாமி ஜான் ஆயிற்று. ஈடாக 2015-இல் கிடைத்த இரண்டாவது தேர்வில் ஹூஸ்டன் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மேன், ஒரு கல்லூரி பேட்டர்.

பால் ஸ்கீன்ஸை வைத்து என்னை மடக்கலாம், மடக்க வேண்டியதும்தான். 2023-இல் பிட்ஸ்பர்க் 92 லட்சம் கொடுத்து முதல் தேர்வாக எடுத்தது. 2024 மே மாதம் அறிமுகம், அந்த ஆண்டு 1.96 ஈஆர்ஏவோடு சிறந்த புதுமுகம், 2025-இல் சை யங். டிராஃப்ட் ஆன பத்தே மாதத்தில் மேலே வந்துவிட்டதால் மைனரில் வீணான பந்துகள் மிகக் குறைவு. கல்லூரியில் முடித்தவர், உடல்வாகு பெரிது, உடனே ஆடத் தயார் என்ற மூன்றும் சேர்ந்தால் முதல் தேர்வைப் பிட்சருக்குக் கொடுப்பதை நானும் எதிர்க்க மாட்டேன். ஆனால் புதுமுக விருதால் 2024 முழு ஆண்டாகக் கணக்கானது. பிட்ஸ்பர்க்குக்கு அவர் 2029 வரைதான். 2025-ஓடு அதில் இரண்டு ஆண்டுதான் முடிந்தது, இந்த ஒருவரை வைத்து வழியையே மாற்ற இன்னும் நாள் போக வேண்டும். மறுபக்கம், டெட்ராய்ட் 2018-இல் ஒன்பதாம் சுற்றில், கல்லூரியிலேயே டாமி ஜான் முடித்திருந்த டாரிக் ஸ்கூபலை எடுத்து 2024, 2025 இரண்டு சை யங் பார்த்துவிட்டது.