கிளிப்பச்சைக்கு இரண்டு குழாய் போதும்

நீர்வர்ணத்தில் கிளிப்பச்சை வேண்டுமென்றால் ஆயத்தமாக விற்கும் குழாயை வாங்காதீர்கள். மஞ்சளும் பச்சையும் வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். பல மாரிகளாக யாழ்ப்பாணத்து நாவற்குழி, கைதடி வயல்களை வரைந்துவரும் எனக்கு இதில் ஐயமே இல்லை. நான் வாங்கிய ஆயத்தக் குழாயில் வெள்ளை கலந்திருந்தது; கடதாசியின் வெண்மை ஊடுருவித் தெரியாமல் நிறம் செத்துப்போனது.

இந்த நிறத்தின் மேல் எனக்குத் தீராத ஆசை. பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீற்றர் அலைநீள ஒளியை. அது மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் இடம். கார்த்திகையில் தழைத்து நிற்கும் நெற்பயிரும் நீர்வேலித் தோட்டத்து வாழைக்குருத்தும் தூரத்திலேயே நம்மை நிறுத்திவிடுவதில் வியப்பென்ன!

குழாயில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். எலுமிச்சை மஞ்சளுக்கு பி.வை. 3 (PY3), நீலச் சாயலுள்ள தாலோ பச்சைக்கு பி.ஜி. 7 (PG7). மஞ்சளைத் தாராளமாகக் கரைத்துவிட்டு, தூரிகை நுனியில் தொட்ட பச்சையை அதில் விட வேண்டும். தாலோ பச்சை மிக வீரியமானது. அதற்குள் மஞ்சளை ஊற்றத் தொடங்கினால் குழாய் தீருமே தவிர, கிளிப்பச்சை வராது. உலர்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால் சற்று அழுத்தமாகவே கலப்பேன். சோளகக் காற்று வீசும் நாட்களில் கலவை தட்டிலேயே காய்ந்துவிடும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது.

காட்மியம் மஞ்சளோடு அல்ட்ராமரீன் நீலத்தைச் சேர்ப்பவர்கள் பலர். முன்னதில் செம்மஞ்சள் சாயல், பின்னதில் ஊதாச் சாயல். இரண்டிலும் ஒளிந்திருக்கும் சிவப்பு, பச்சையின் பளிச்சிடலைத் தின்றுவிடும். முதிர்ந்த பனையோலைக்கு அந்த மங்கல் பச்சை அருமையாகப் பொருந்தும். இளம்பயிருக்கு ஆகவே ஆகாது. இளம்பயிரின் ஓரத்தில் உரும்பிராய்ச் செம்மண்ணின் நிறத்தை ஒரு கீற்று இழுத்துப் பாருங்கள், பச்சை இன்னும் துள்ளும்.

ஒரு குறை உண்டு. மெல்லிய பூச்சில் பி.வை. 3 வெயிலைத் தாங்காது. மஞ்சள் வெளிற, தாலோ பச்சை அசையாமல் நிற்க, பயிர் நீலம் பாரிக்கும். சித்திரக் கொப்பிக்குள் மூடியிருக்கும் படங்களுக்குக் கவலையில்லை. சுவரில் மாட்டும் படத்துக்கு மட்டும் பி.வை. 154 மஞ்சளை எடுக்கிறேன். அது ஒளியை நன்றாகத் தாங்கும். எலுமிச்சையின் குளிர்ச்சி சிறிது குறைவென்றாலும் கிளிப்பச்சை கெடுவதில்லை.