கட்டிப் பழகுவதா, உடைத்துப் பழகுவதா?

லினக்ஸில் அடுத்தவர் சிக்கலைத் தீர்த்துவைக்கும் அளவுக்குத் தேற என்ன வழி என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஆர்ச் லினக்ஸையோ (பெரும்பாலும் நாமே கட்டளை தட்டி நிறுவும் லினக்ஸ் வகை) லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்சையோ (எல்லாவற்றையும் நாமே கட்டிப் பார்க்கும் கையேடு) கைப்பட நிறுவிப் பாருங்கள் என்பது ஒன்று. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், எளிதில் நிறுவக்கூடிய உபுண்டு லினக்ஸைப் போட்டு, வேண்டுமென்றே கெடுத்துச் சரிசெய்யுங்கள் என்பது இன்னொன்று.

முதலாவதற்குத்தான் மவுசு அதிகம். லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்சில் எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும்போது கர்னல் (லினக்ஸின் மையக்கரு), அதை ஏற்றிவிடும் பூட்லோடர், நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி லைப்ரரி எல்லாம் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது மனதில் பதிந்துவிடும். ஆனால் அதில் பாதி நேரம் ஜிசிசி என்ற கம்பைலரே கம்பைல் ஆகும்வரை டீ குடிப்பதிலேயே போகும். கையேட்டைப் பார்த்து வரிக்கு வரி தட்டுகிறவருக்கு, எதுவும் தப்பாகாதவரை பழுது பார்க்கும் பழக்கமே வராது.

உடைப்பது வேறு கதை. முதலில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது திரும்பி வர வசதியாக இப்போதைய நிலையின் நகல். அப்புறம், உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால், எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் அதன் யூயூஐடியில், அதாவது அடையாள எண்ணில், ஓர் எழுத்தை மாற்றி ரீபூட் செய்யுங்கள். இல்லாத வட்டுக்காகத் திரை ஒன்றரை நிமிடம் காத்து நிற்கும். பிறகு எமர்ஜென்சி மோடு, அதாவது பழுது பார்க்க மட்டும் ஒரு கட்டளைத் திரை. கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையில் ‘டிபென்டென்சி ஃபெயில்டு’ (நம்பியிருந்தது கிடைக்கவில்லை) என்று வரிசையாகப் புலம்பல். அவற்றுக்கு மேலே, எல்லாவற்றையும் கிளப்பிவிட்ட அந்த ஒரு ‘டைம்டு அவுட்’ (காத்திருந்து நேரம் முடிந்தது) வரியைப் பிடிப்பதுதான் வேலையே.

இதிலும் ஒரு குறை உண்டு. நாமே ஒளித்து நாமே தேடுகிறோம். அதனால் அடுத்தவர் பிரச்சினையைக் கடன் வாங்குங்கள். “டிஸ்க் ஃபுல்லுன்னு சொல்லுது அண்ணா, ஆனா பாதி காலியாத்தான் இருக்கு” என்று ஒரு தம்பி வருகிறார் என்று வையுங்கள். வட்டில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் டிஎஃப் கட்டளையை மைனஸ் ஐ சேர்த்து (df -i) ஓட்டச் சொன்னால் ஐநோடு, அதாவது கோப்புக்கு ஒன்றாக ஒதுக்கும் பதிவு, 100 சதவீதம் காட்டலாம்: இடம் இருக்கிறது, கோப்புக் கணக்குத் தீர்ந்துவிட்டது. நம்பிக்கை வரவில்லையா? 50 எம்பியில் ஓர் இமேஜ் கோப்பை உருவாக்கி, எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையாக ஃபார்மேட் செய்து மவுன்ட் பண்ணுங்கள் (ஒரு வட்டைப் போல இணையுங்கள்). அதில் வெற்றுக் கோப்புகளை உருவாக்கிக்கொண்டே போனால், 13,000 ஆவதற்குள் ‘இடமில்லை’ என்று கைவிரித்துவிடும்.

தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் நான் உடைக்கத்தான் சொல்வேன். ஆர்ச்சை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆர்ச்சின் இணைய உதவிக் கையேடான ஆர்ச் விக்கியை மட்டும் இப்போதே புக்மார்க் செய்துகொள்ளுங்கள். உபுண்டுக்காரர்களும் சத்தமில்லாமல் அதைத்தான் புரட்டுகிறார்கள்.