கன்சாஸ் சிட்டில வீட்டுக்கு எந்த கிரில் வாங்கலாம்: ஆஃப்செட், பெல்லட், கமாடோ, கெட்டில் ஒரு ஒப்பீடு

வேலை மாறி கன்சாஸ் சிட்டி பக்கம் வர்ற நம்மாளுங்க வீடு வாங்கி பின்னாடி டெக்ல நாலு சேர் போட்டதும் கேக்கற கேள்வி, அண்ணா எந்த கிரில் வாங்கறது, எங்க வாங்கறது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஃபோன்ல சொல்லிட்டு இருக்கேன், இனிமே இத அனுப்பிடலாம்னு உக்காந்து எழுதறேன்.

மொதல்ல ஊரப் பத்தி கொஞ்சம், ஏன்னா அது தெரியாம இங்க கிரில் வாங்கினா தப்பான சாமான் வாங்கிட்டு வந்துருவீங்க. இந்த ஊர்ல பார்பெக்யூன்னா நெருப்பு மேல போட்டு வாட்டறது இல்ல, ஹிக்கரி விறகு ஓக் விறகு போட்டு, அந்தப் புகைலயும் சூட்டுலயும் மணிக்கணக்கா வேக விடறது. இத இங்க ஒரு தொழிலா நிக்க வெச்சவர் ஹென்றி பெர்ரி. மெம்ஃபிஸ் பக்கத்துல பொறந்த கறுப்பினத்தவர், ஆத்துல போற நீராவிப் படகு சமையல்கட்டுல வேலை பாத்துட்டு 1907ல இங்க வந்து, ஒரு சந்துல சின்னதா கடை போட்டு, அப்புறம் பழைய டிராம் கொட்டகைல பெருசாக்கி, கறிய நியூஸ் பேப்பர்ல சுத்தி 25 சென்ட்டுக்கு வித்தார். 1940ல அவர் இறந்ததும் அவர்கிட்ட வேலை பாத்த சார்லி பிரையன்ட் கடைய எடுத்தார், 1946ல அது சார்லி கூடப்பொறந்த ஆர்தர் பிரையன்ட் கைக்குப் போச்சு. அதே 1946ல ஜார்ஜ் கேட்ஸ் ஒரு கடைய வாங்கறார், அங்க அடுப்பு பாத்த ஆர்தர் பிங்கார்டும் பெர்ரிகிட்ட தொழில் கத்துக்கிட்டவர்தான். அதாவது இன்னிக்கு ஊரே ரெண்டா நின்னு சண்டை போடற பிரையன்ட்ஸ், கேட்ஸ் ரெண்டுமே ஒரே அடுப்புல இருந்து எடுத்த நெருப்பு. சாஸ்தான் வேற, பிரையன்ட்ஸ்ல வினிகரும் பாப்ரிகாவும் தூக்கலா கொஞ்சம் நறநறன்னு இருக்கும், கேட்ஸ்ல தக்காளி, கெட்டியா இருக்கும், சீரக வாசனை நம்ம நாக்குக்கு உடனே தெரியும்.

இவ்வளவு கறி எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1871ல ஆரம்பிச்சு 1991 வரைக்கும் ஓடின ஸ்டாக்யார்ட்ஸ், அந்த மாட்டுச் சந்தைதான் காரணம். ப்ரிஸ்கெட்ங்கற மாட்டு நெஞ்சுக்கறி மாதிரி கடினமான, யாரும் பெருசா கேக்காத துண்டு மலிவா கெடைச்சுது, அத மெதுவா வேக வெச்சு மெத்துனு ஆக்கினாங்க. வெட்டும்போது உதிர்ற கருகின ஓரத்த பிரையன்ட்ஸ்ல அந்தக் காலத்துல கவுன்ட்டர் மேல சும்மா வெச்சிருப்பாங்க, வரிசைல நிக்கறவங்க எடுத்து சாப்பிட்டாங்க. அதுதான் பர்ன்ட் எண்ட்ஸ், இப்ப அதுக்குத்தான் தனி விலை. அதனால நான் எந்த கிரில்ல பாத்தாலும் ஒரே கேள்விதான் கேப்பேன், இதுல பர்ன்ட் எண்ட்ஸ் வருமா வராதா?

கேஸ் கிரில் இந்தக் கணக்குலயே வராது. வாரநாள்ல பனீர் டிக்கா, சோளம் போட நல்ல சாமான், ஆனா புகை கெடையாது, தாண்டிடுவோம்.

ஆஃப்செட். பெரிய உருளை, பக்கத்துல ஒட்டின மாதிரி விறகு எரிக்க தனி நெருப்புப் பெட்டி. விறகு அங்க எரியும், புகையும் சூடும் கறி மேல போய் அந்தப் பக்க சிம்னி வழியா வெளிய போகும். ருசில இதுக்கு மிஞ்சினது கெடையாது, கடைங்கள்ல இருக்கற பெரிய செங்கல் அடுப்புக்கு கிட்ட வர்றது இது ஒண்ணுதான். ஆனா நான் மொதல்ல வாங்கினதும் இதுதான், ஒரு பெரிய கடைல தள்ளுபடில, மெல்லிசு தகரம். மூடி ஓரத்துல, கதவு இடுக்குல, எல்லா எடத்துலயும் புகை கசிஞ்சுது, நெருப்புப் பெட்டி பக்கத்துல வெச்ச ரிப்ஸ் கருகிடுச்சு அந்த ஓரத்துல வெச்சது வேகவே இல்ல, நானும் சூடு எறங்குதேன்னு காத்த அடைச்சு விறக திணிச்சு திணிச்சு வெள்ளையா குபுகுபுன்னு புகை வர வெச்சேன். கறிய வாயில வெச்சா புகை புடிச்ச பால் மாதிரி ஒரு கசப்பு. விறகடுப்பு ஊதின வீட்டுல வளந்தவன் நான், பச்ச விறகு என்ன பண்ணும்னு எனக்கு தெரிஞ்சிருக்கணும். நல்ல புகை கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாம லேசா நீலமா இருக்கும், அதுக்கு காஞ்ச விறகும் நல்ல காத்தும் வேணும், தீ அணைஞ்சு புகையக்கூடாது, எரியணும். கால் இஞ்ச் தடிமன் இரும்புல செஞ்ச ஆஃப்செட்னா சூட்ட புடிச்சு வெச்சுக்கும், ஆனா 1000 டாலருக்கு மேல போயிடும், அப்பவும் அரை மணி முக்கா மணிக்கு ஒரு கட்டை போட்டுட்டே இருக்கணும். ப்ரிஸ்கெட்டுக்கு 12 மணி நேரம்னு வெச்சா எத்தன தடவ எந்திரிக்கணும்னு பாத்துக்கங்க. சின்னக் கொழந்த இருக்கற வீட்டுக்கு நான் இத சொல்ல மாட்டேன்.

பெல்லட். ஓரகன்ல 1980கள்ல டிரேகர் கம்பெனி கொண்டு வந்தது, பேட்டன்ட் முடிஞ்சதும் எல்லா பிராண்டும் எறங்கிட்டாங்க. அழுத்தின மரத்தூள் குச்சிய ஒரு திருகு தள்ளிட்டே இருக்கும், அடில சின்ன கிண்ணத்துல எரியும், ஃபேன் சூட்ட பரப்பும், 225 டிகிரி ஃபாரன்ஹீட்னு வெச்சிட்டு தூங்கப் போயிடலாம். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுக்கு இது பெரிய நிம்மதி, அத நான் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா அது அவ்வளவு சுத்தமா எரியறதாலயே புகை கம்மி. ஹிக்கரின்னு எழுதின மூட்டைலயும் பல பிராண்ட்ல வேற மரத்தூள் கலந்திருக்கும், பின்பக்கம் படிச்சு வாங்குங்க. பர்ன்ட் எண்ட்ஸ் வரும், மேல அந்த கருத்த பட்டை கொஞ்சம் மெத்துனு இருக்கும், அவ்வளவுதான். இன்னொண்ணு, மழைல நனைஞ்சா குச்சி ஊறி திருகுல அடைச்சுக்கும், கரன்ட் போனா அடுப்பும் போச்சு. இந்த ஊர் இடிமழைல அது நடக்கற விஷயம்தான்.

கமாடோ. முட்டை வடிவ பீங்கான் அடுப்பு, ஜப்பான் அடுப்புல இருந்து வந்தது, பிக் கிரீன் எக்னு விக்கற பச்சைக் கலர் முட்டை 1974ல அட்லான்டால ஆரம்பிச்சது. சுவர் தடிமனா இருக்கறதால ஜனவரி குளிர்லயும் அசையாது, ஒரு தடவ கரி நெரப்பினா ராத்திரி முழுக்க நிக்கும். கோழிக்கு, நான் ரொட்டிக்கு இத அடிச்சுக்க முடியாது, கிட்டத்தட்ட நம்ம தந்தூர்தான். ஆனா சூடு ஒரு தடவ தாண்டிட்டா எறக்கறது ரொம்ப கஷ்டம், பீங்கான் சூட்ட விடாது. தூக்க ரெண்டு பேர் வேணும், விலையும் ஆயிரத்துக்கு மேல, முழு ப்ரிஸ்கெட் பெரிய சைஸ்லதான் ஒரு மாதிரி அடங்கும்.

கெட்டிலும் புல்லட்டும். 1952ல சிகாகோ பக்கம் கடல் மிதவை செய்யற பட்டறைல வேலை பாத்த ஜார்ஜ் ஸ்டீஃபன், அந்த உருண்டைய பாதியா வெட்டி மூடி போட்டதுதான் வெபர் கெட்டில். 22 இஞ்ச் 200 டாலர் சுமாருக்கு வரும். என் வீட்டுல இப்ப இருக்கறது இதுதான். கரிய ஓரமா அரைவட்டமா பாம்பு மாதிரி அடுக்கி, மேல நாலு ஹிக்கரி துண்டு வெச்சு, ஒரு முனைல மட்டும் பத்து பன்னெண்டு கங்கு போட்டா மெதுவா ஊர்ந்து அஞ்சாறு மணி நேரம் எரியும். கீழ் ஓட்டைய விரக்கடை அளவு தெறந்து வெச்சா போதும், மேல் ஓட்டை முழுசா தெறந்தே இருக்கணும், இல்லன்னா புகை உள்ளயே தேங்கி கசக்கும். இதே கரி வேலைய தண்ணி பாத்திரம் வெச்ச புல்லட் ஸ்மோக்கர் இன்னும் நிதானமா செய்யும், ப்ரிஸ்கெட்தான் குறின்னா அதுக்கே போயிடலாம்.

எங்க வாங்கறது? பெரிய கடைல திருப்பிக் கொடுக்கறது சுலபம், அது உண்மை. பெரிய பிராண்டுகளுக்கு விலை கிட்டத்தட்ட எங்க போனாலும் ஒண்ணுதான். ஆனா இந்த ஊர்ல கிரில் மட்டுமே விக்கற உள்ளூர் கடைங்க இருக்கு, 1980ல இருந்து நடக்கற அமெரிக்கன் ராயல் பார்பெக்யூ போட்டிக்கு போற டீமுங்க சாமான் வாங்கற எடம். நான் ரெண்டாவது தடவ அந்த மாதிரி ஒரு கடைக்குத்தான் போனேன். கவுன்ட்டர்ல இருந்த பெரியவர் விலையே பேசல, எத்தன பேருக்கு சமைப்பீங்க, காலைல நாலு மணிக்கு எந்திரிப்பீங்களான்னு கேட்டார். நான் ஒரு 1500 டாலர் ஆஃப்செட்ட தடவிட்டு நின்னேன், அவர் என்ன கூட்டிட்டுப் போய் கெட்டில் முன்னாடி நிறுத்தினார். அப்புறம் ரெண்டு விறகுத் துண்ட எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிக் காட்டினார், காஞ்சது கணீர்னு கேக்கும், ஈரம் இருந்தா மொத்துனு கேக்கும். நான் மொத வருஷம் பட்ட பாட்டுக்கு பதில் அந்த சத்தத்துல இருந்துச்சு. விறகு, கேஸ்கெட், தெர்மாமீட்டர் முள்ளு, இதுக்கெல்லாம் வருஷம் பூரா போய் நிக்கப்போறது அங்கதான், அதனால கிரில்லயும் அங்கயே வாங்கறதுதான் நியாயம்னு நான் நெனைக்கறேன். அந்தக் கடைங்க போச்சுன்னா இந்த ஊர்ல அடுப்பு பத்தி கேக்க ஆள் இருக்க மாட்டாங்க.

ஆக என் பேச்சு: நேரம் இல்லாதவங்க பெல்லட், கோழி ரொட்டி பிரியர்கள் கமாடோ, மத்த எல்லாரும் கெட்டில். மாடு சாப்பிடாதவங்க ஒதுங்க வேணாம், இங்க ஜாக் ஸ்டாக்ங்கற பார்பெக்யூ கடைல ஆட்டுக்குட்டி ரிப்ஸே ஹிக்கரில போட்டுத் தர்றாங்க. மொத தடவ கோழித் தொடை போடுங்க, அடுத்து பன்றித் தோள், அது தப்பு பண்ணாலும் மன்னிக்கும். அப்புறமா ப்ரிஸ்கெட். கறியோட உள் சூடு 150, 160 டிகிரி ஃபாரன்ஹீட்ல மணிக்கணக்கா ஏறாம நிக்கும், கறில இருந்து ஈரம் ஆவியாகி அதையே குளிர வைக்குது, பயந்து கரிய கொட்டிடாதீங்க. 200 தாண்டி முள்ளு வெண்ணெய்ல எறங்கற மாதிரி எறங்கினதும், கொழுப்பு அதிகமா இருக்கற மேல் பாகத்த மட்டும் தனியா பிரிச்சு, ஒரு இஞ்ச் துண்டா போட்டு, கொஞ்சமா சாஸ் பெரட்டி, இன்னும் ஒரு மணி நேரம் புகைல விடுங்க.