பாளையங்கோட்டை மாஸ் ஸ்பெக் ஆய்வகம்: நிலாவாரைச் சாற்றோடு இரண்டு முறை

உலகச் சந்தையில் ‘டின்னவேலி சென்னா’ என்று நம் ஊர்ப் பெயரிலேயே விலைபோகும் நிலாவாரை இலையின் சாற்றில் அதன் மலமிளக்கும் சேர்மமான சென்னோசைடு இருப்பதை உறுதிசெய்துகொள்வதற்காக, மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளை அயனிகளாக்கி நிறையை அளக்கும் கருவி) கொண்டு கட்டணத்துக்குச் சோதித்துத் தரும் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு இரண்டு முறை சென்றுவந்தேன்.

முதல் முறை ஏமாற்றமே. வெந்நீரில் இறக்கிய சாற்றை வரவேற்பில் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கரைப்பான் என்ன, உப்பு நீக்கப்பட்டதா என்று ஒரு கேள்வியும் இல்லை. வந்த அறிக்கையில், சோடியம் ஒட்டிய சென்னோசைடுக்குரிய 885 என்ற பீக் (எண், அயனியின் நிறையை மின்னூட்டத்தால் வகுத்த அளவு) இரைச்சலுக்கு நடுவே தலைகாட்டியதோடு சரி.

இரண்டாம் முறை கருவியை இயக்கும் அம்மையாரே என்னை உள்ளே அழைத்து, கண்ணாடிச் சன்னல் வழியே, சாற்றை மின்னூட்டத் துளிகளாகத் தெளிக்கும் எலக்ட்ரோஸ்பிரே ஊசியின் முனையைக் காட்டினார். வெறும் தண்ணீர் சென்றபோது முனையில் துளி திரண்டு தொங்கிச் சொட்டியது; பாதிக்குப் பாதி மெத்தனால் கலந்ததும் ஐந்தருவிச் சாரலைப் போல மெல்லிய புகையாக விரிந்தது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மெத்தனாலுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்பதே காரணம். சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் தெறிக்கும் மின்னூட்டத் துளியைச் சூடான நைட்ரஜன் உலர்த்துகிறது. கரைப்பான் ஆவியாகிறது, மின்னூட்டமோ துளியிலேயே தங்கிவிடுகிறது. ஒரு துளி தாங்கக்கூடிய மின்னூட்டத்துக்கு 1882இல் இயற்பியலாளர் ராலே கணக்கிட்ட எல்லையை எட்டியதும், மின்விலக்கம் பரப்பு இழுவிசையை வென்று துளி வெடிக்கிறது. ஒரு வெடிப்பில் வெளியேறும் நிறை ஏறத்தாழ 2 விழுக்காடுதான், ஆனால் மின்னூட்டம் 15 விழுக்காடு வரை போய்விடும். இப்படியே சுருங்கி நானோமீட்டர் அளவை அடைந்த துளியிலிருந்து சிறிய அயனிகள் தாமாகவே வெளியேறுகின்றன என்பது 1976இல் இரிபார்னும் தாம்சனும் முன்வைத்த விளக்கம். பெரிய புரதங்களுக்கு, கடைசிச் சொட்டுக் கரைப்பானும் உலர்ந்தபின் மின்னூட்டம் அவற்றின்மேலேயே எஞ்சுகிறது என்ற டோலின் 1968ஆம் ஆண்டுக் கருத்தே பொருந்துகிறது. துளி சுருங்கச் சுருங்க உப்பின் செறிவும் ஏறும் என்பதால், என் முதல் சாற்றில் மின்னூட்டத்தையெல்லாம் உப்பே வாரிக்கொண்டிருக்கிறது.

சென்னோசைடில் இரண்டு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் இருப்பதால் அது புரோட்டானை இழந்து எளிதில் எதிர்மின் அயனியாகும்; அதனால் உப்பு நீக்கிய சாற்றை எதிர்மின் முறையில் ஓட்டினார். ஊசிமுனையில் நீல ஒளி மினுங்கியவுடன், அது மின்னிறக்கம் (வாயுவின் வழியே மின்சாரம் கசிவது) என்று சொல்லி வோல்ட்டைக் குறைத்தார். ஒரு புரோட்டானை இழந்த சென்னோசைடுக்குரிய 861 பளிச்சென்று எழுந்தது. இரட்டை மின்னூட்டத்துக்குரிய 430ம் அருகில் தெரிந்தது, மின்னூட்டம் இரண்டு என்பதால் அதன் ஐசோடோப் பீக்குகள் அரை அலகு இடைவெளியில் நின்றன.

குறை என்றால் அறிக்கைதான். வோல்ட், வாயு வெப்பநிலை, கரைப்பான் விகிதம் எதுவும் அதில் இல்லை. கேட்டுக் கேட்டு நானே குறித்துக்கொண்டேன். செல்பவர்கள் சாற்றை வடிகட்டி, உப்பை நீக்கி, அந்த அம்மையார் பணியில் இருக்கும் நாளைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.