ஹாங்சோவில் லோங்ஜிங் தேயிலை வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இந்த மார்ச் கடைசி வாரம் நானும் அப்பாவும் ஹாங்சோ பக்கத்துத் தேயிலைக் கிராமம் ஒன்றில் 1,920 யுவான் கொடுத்து ஏமாந்து வந்தோம். நம் பணத்தில் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல். கடைப் பெயரையோ வீட்டையோ நான் இங்கே சொல்லப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேலையாகவோ ஊர் சுற்றவோ சீனா வந்து, திரும்பும்போது லோங்ஜிங் என்ற பேர்போன பச்சைத் தேயிலையை வாங்கிப்போகிற நம் ஆட்கள் நிறையப் பேர். அவர்களில் நாலு பேருக்காவது பணம் மிஞ்சட்டும்.

நான் யீவூவில் இருக்கிறேன். ஈரோடு, திருப்பூர் கடைகளுக்கு பட்டன், ஜிப், லேஸ் என்று சரக்கு பிடித்து அனுப்புகிற வேலை. நான்கு வருடமாயிற்று. கடைத்தெருவில் பேரம் பேசுகிற அளவுக்குச் சீனமும் வரும். அப்பா ஈரோட்டில் முப்பது வருடத்துக்கு மேல் டீக்கடை நடத்தியவர். இந்த முறை என்னைப் பார்க்க வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்த ஊர்ல தேயிலை எப்படிக் காச்சறாங்கன்னு பாக்கோணும் கண்ணு." யீவூவிலிருந்து ஹாங்சோவுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிட்டோம்.

அங்கே முதலில் பிடித்த வண்டிக்காரர் நன்றாகப் பேசினார். "கடையில் வாங்காதீர்கள், எல்லாம் கலப்படம். எனக்குத் தெரிந்த விவசாயி வீடு இருக்கிறது" என்றார். அந்த இடத்தில்தான் ஆரம்பம். அவர் கொண்டுபோய் விட்ட வீட்டு வாசலில் ஒரு பெரியவர் மின்சார வாணலியில் வெறும் கையால் இலை வறுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் இலையை வாணலியோடு அழுத்தி, தேய்த்து, உதறி, மறுபடி அழுத்துகிறார். லோங்ஜிங் இலை அப்படித் தட்டையாக, வழவழவென்று ஆவது அந்த அழுத்தத்தால்தான். கமகமவென்று வாசனை. பாசிப்பருப்பை எண்ணெய் விடாமல் வறுக்கும்போது சமையலறையில் எழும்புமே, ஏறக்குறைய அதே வாசனை. அப்பா அந்த வாணலியை விட்டு நகரவே இல்லை. அந்தப் பெரியவரின் வேலையில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாசலில் அவர் வறுத்த இலைக்கும் எங்களுக்கு விற்ற இலைக்கும் சம்பந்தம் இல்லை.

உள்ளே ஒரு பெண்மணி உட்காரவைத்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், அது உண்மையிலேயே நல்ல தேநீர். வெளிர்மஞ்சள் கலந்த இளம்பச்சை நிறம். துவர்ப்பு கொஞ்சம்தான். விழுங்கியபின் தொண்டையில் மெல்ல ஒரு இனிப்பு ஏறுகிறது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருகிற அந்த இனிப்புதான். பால், சர்க்கரை இல்லாமல் டீயே குடிக்காத அப்பா மூன்று தம்ளர் குடித்தார்.

அப்புறம் ஒரு வித்தை காட்டினார்கள். தம்ளரில் கொஞ்சம் அரிசி, தண்ணீர், அதில் சில சொட்டு அயோடின். எல்லாம் கறுத்துப்போயிற்று. "உங்கள் உடம்புக்குள் சேருகிற நச்சு இப்படித்தான் இருக்கிறது" என்றார். அதில் தேநீரை ஊற்றிக் குலுக்கினார். கறுப்பு போய்த் தெளிந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அரிசி மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலமாகும் என்று நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தேயிலையில் இருக்கும் பாலிஃபினாலும் வைட்டமின் சியும் அயோடினை அயோடைடாக மாற்றிவிடும், அதற்கு நிறம் கிடையாது. எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் அதேதான் நடக்கும். மட்டமான தேயிலைத் தூளும் அதைச் செய்யும். உடம்பில் இருக்கிற எந்த நச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எந்தக் கடையிலாவது அரிசியும் அயோடினும் மேசைக்கு வந்தால், தயவுசெய்து அந்த நிமிடமே எழுந்துவிடுங்கள். நான் எழவில்லை. அப்பா ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தைப் பார்த்ததும் எழ மனம் வரவில்லை.

விலை கேட்டேன். நானூற்று எண்பது என்றார். சீனாவில் காய்கறி, பழம், கறி எல்லாவற்றுக்கும் விலை ஜின் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு ஜின் என்றால் 500 கிராம். யீவூ சந்தையில் தினமும் நான் வாங்குவதும் அந்தக் கணக்கில்தான். சரி, ஒரு ஜின் போடுங்கள் என்றேன். பெண்மணி தலையாட்டிவிட்டு, புதுத் தேயிலை உள்ளே குளிர்பெட்டியில் இருக்கிறது என்று பின்னறைக்குப் போனார். பச்சைத் தேயிலையைக் குளிரில் வைப்பது வழக்கம்தான், அதனால் சந்தேகம் வரவில்லை. எடை போட்டதும் டப்பாவில் அடைத்து சீல் வைத்ததும் எல்லாம் அந்தப் பின்னறையில் நடந்தது. எங்கள் கண் முன்னால் எதுவும் நடக்கவில்லை.

பத்து டப்பா வந்தது. பில் 4,800 யுவான்.

நானூற்று எண்பது என்பது லியாங் விலையாம். ஒரு லியாங் 50 கிராம், பத்து லியாங் சேர்ந்தால்தான் ஒரு ஜின். "சீல் வைத்தாயிற்று, இனி திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது" என்று இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். குரல் உயர்ந்தது. அப்பாவுக்கு மொழி புரியவில்லை, ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. "விடு கண்ணு, வாக்குவாதம் வேண்டாம், முடிஞ்சதைக் கொடுத்துட்டுப் போலாம்" என்றார். அரைமணி நேரம் பேசி நான்கு டப்பாவோடு நிறுத்தினேன். 200 கிராமுக்கு 1,920 யுவான்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்கிறேன். சிங்மிங் நாளுக்கு முன், அதாவது ஏப்ரல் 4 அல்லது 5-க்கு முன் பறித்த உண்மையான மேற்கு ஏரி லோங்ஜிங், அதாவது ஹாங்சோவின் மேற்கு ஏரியை ஒட்டி விளைந்தது, ஒரு ஜின் பல ஆயிரம் யுவான் விற்கிற பொருள்தான். அந்தத் தேயிலையே டப்பாவில் இருந்திருந்தால், விலையைத் தெளிவாகச் சொல்லவில்லை என்ற வருத்தத்தோடு போயிருக்கும். இந்தப் பதிவே எழுதியிருக்கமாட்டேன்.

அன்று ராத்திரி யீவூவில் ஒரு டப்பாவைப் பிரித்தேன். மூக்குக்கு அருகே கொண்டுபோன அப்பா நிறுத்திவிட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். கடையில் தட்டில் வைத்திருந்த மாதிரி இலையில் ஒரு சிட்டிகை. டீத்தூள் வியாபாரியிடம் மாதிரி வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். மூட்டை வந்திறங்கும்போது மாதிரியோடு ஒத்துப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். இங்கேயும் கை தானாகப் போயிருக்கிறது.

சரக்கு மாதிரி எடைபோட என்னிடம் சின்னத் தராசு உண்டு. அதில் இரண்டு இரண்டு கிராம். இரண்டு வெள்ளைக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் 100 மில்லி. கெட்டிலை எடுத்து ஆறவைக்கப் போனேன். "ஆத்தாதே, கொதிக்கக் கொதிக்க ஊத்து. தூளோட குணம் அப்பத்தான் வெளிய வரும்" என்றார். நான்கு நிமிடம் மூடி வைத்தோம். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பச்சைத் தேயிலையைத் தரம் பார்க்கச் சீனத்து ஆய்வாளர்கள் கையாளும் முறையும் கிட்டத்தட்ட இதுவே: 3 கிராம், 150 மில்லி, கொதிநீர், 4 நிமிடம். குடிப்பதற்காக ஊற்றும்போது தண்ணீர் 80 முதல் 85 டிகிரிதான் இருக்கவேண்டும். அந்தச் சூட்டில் இனிப்புச் சுவை தரும் அமினோ அமிலங்கள் இறங்கிவிடும், துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டசின்கள் குறைவாகவே இறங்கும். அதனால் ஆறின தண்ணீரில் சுமாரான இலையின் குறைகூட மறைந்துவிடும், கொதிநீரில் மறையாது.

மூடியைத் திறந்தோம். காகிதத்திலிருந்து போட்ட கிண்ணத்தில் அதே வறுத்த பருப்பு வாசனை. கொஞ்சம் துவர்த்தது, ஆனாலும் பின்னால் இனிப்பு வந்தது. டப்பாக் கிண்ணத்தில் புல் வெட்டின இடத்து வாசனை. ருசி தண்ணீராகத் தொடங்கி வெறும் கசப்பில் முடிந்தது. நாக்கின் இரண்டு ஓரமும் இழுத்தது. ஊறின இலையை வெள்ளைத் தட்டில் பரப்பினார் அப்பா. ஒரு பக்கம் மொட்டும் இலையுமாக ஒரே அளவு, விரலால் நசுக்கினால் மெத்தென்று இருந்தது. இன்னொரு பக்கம் கொழுத்த மொட்டுகள், கரும்பச்சை, நடுநடுவே காம்பு, ஓரம் கருகின துண்டுகள். "இது அது இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துவிட்டார். ஊரில் அவருக்கு மருந்து எழுதித்தருகிற டாக்டருக்குக் கொடுக்கவென்று வாங்கினது அது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் மேல்மாடியில் குடியிருக்கும் சீனத்து அம்மா ஒருவரிடம் தட்டைக் காட்டினேன். ஹாங்சோ பக்கத்தில் பிறந்தவர், நாங்கள் ஆயி என்று கூப்பிடுவோம், சீனத்தில் அத்தை, சித்தி மாதிரி. இலையைப் பார்த்ததும் "வூநியூசாவ்" என்றார். வென்சோவை ஒட்டிய யோங்ஜியாவின் ரகம் அது. பிப்ரவரி கடைசியிலேயே துளிர்க்கும். அதைத் தட்டையாக வறுத்துவிட்டால் பார்வைக்கு லோங்ஜிங் மாதிரியே இருக்கும். தன் பெயரில், தன் விலையில் விற்றால் அதில் தவறில்லை, குடிக்கக்கூடிய தேயிலைதான். விலை லோங்ஜிங்கில் ஒரு சிறு பங்கு. எங்களிடம் சொன்னதோ பழைய செடி, சிங்மிங்குக்கு முந்தினது, மேற்கு ஏரி என்று.

ஆயி சொன்ன இன்னொன்றும் முக்கியம். லோங்ஜிங் 43 என்ற ரகம் சீக்கிரம் துளிர்க்கும். ஏரிக்கரையில் அதன் பறிப்பே வழக்கமாக மார்ச் 20 வாக்கில்தான் சூடுபிடிக்கும். விதையிலிருந்து முளைத்த பழைய செடிகள் அதற்கும் பின்னால். மார்ச் முதல் வாரத்தில் ஒருவர் "இந்த வருடத்துப் புது இலை, பழைய செடி" என்று நீட்டினால் அது வேறு ஊர் இலை. நிறத்தையும் பாருங்கள். நல்ல லோங்ஜிங் பளபளவென்று ஒரே பச்சையாக இருக்காது. தீட்டாத அரிசி போல மஞ்சள் கலந்திருக்கும்.

பெயரிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செஜியாங் மாகாணத்தில் சியெந்தாங், யுவேசோ வட்டாரங்களில் விளைவதையும் லோங்ஜிங் என்று விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. மேற்கு ஏரி லோங்ஜிங் என்ற பெயர் மட்டும் ஏரியை ஒட்டிய 168 சதுர கிலோமீட்டர் எல்லைக்குள் விளைந்ததற்குத்தான். ஷிஃபெங், லோங்ஜிங், யுன்சி, ஹூபாவ், மெய்ஜியாவூ எல்லாம் அதற்குள் வரும். 2022 மார்ச் 1 முதல் இதற்கென்றே ஹாங்சோவில் தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பொட்டலத்தின் மேல் போலித் தடுப்பு முத்திரை இருக்கவேண்டும், அதை ஸ்கேன் செய்து பார்க்கலாம். எங்கள் டப்பாவில் தங்கநிற ஸ்டிக்கர் ஒன்று இருந்தது, அழகாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்கேன் செய்தேன், ஒரு மலைப்படம் மட்டும் திறந்தது. அதைக் கடையிலேயே செய்திருக்கவேண்டும். முத்திரை சரியாக இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். டப்பாவுக்கு வெளியே ஒட்டியிருக்கிற எதுவும் உள்ளே இருக்கிற இலையை மாற்றாது.

கடைக்காரப் பெண்மணிக்குச் செய்தி அனுப்பினேன். உங்கள் ஊர்த் தண்ணீர் சரியில்லை என்று பதில் வந்தது. இரண்டு கிண்ணத்தின் படத்தையும் அனுப்பியதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 12315 என்ற நுகர்வோர் புகார் எண்ணுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் என் கையில் எதுவுமே இல்லை என்று உறைத்தது. பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு. ஃபாபியாவ் என்று இங்கே சொல்கிற முறையான ரசீதை நான் கேட்கவே இல்லை. போலி என்று நிரூபணமானால் மூன்று மடங்கு, உணவுப்பொருள் விதிகளில் வந்தால் பத்து மடங்குவரைகூட இழப்பீடு கேட்க இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எந்தக் கடை விற்றது என்று காட்டக் காகிதம் வேண்டும். இருப்பதை வைத்துப் புகார் எழுதிவிட்டேன்.

வாங்கியே தீரவேண்டும் என்பவர்களுக்குச் சொல்கிறேன். விலை கேட்கும்போது "ஜின்னா, லியாங்கா" என்று கேட்டு, அவர்கள் கையாலேயே கால்குலேட்டரில் கிராமோடு சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். குடித்துப் பார்த்த தட்டிலிருந்தே எடுத்துப் போடச் சொல்லுங்கள். பின்னறைக்குப் போனால் நீங்களும் கூடவே போங்கள், விடமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். மாதிரியில் ஒரு சிட்டிகையைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு லியாங் வாங்கி, தங்கும் இடத்தில் கொதிநீரில் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் மறுநாள் போய் மிச்சத்தை வாங்குங்கள். வண்டிக்காரர் காட்டுகிற வீட்டுக்குப் போகவே வேண்டாம். தேயிலையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையென்றால் 1991-இல் திறந்த தேசியத் தேயிலை அருங்காட்சியகம் ஹாங்சோவிலேயே இருக்கிறது. நாங்கள் முதலில் அங்கே போயிருக்கலாம்.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். போகும்போது ஆயி தன் தம்பி வீட்டுத் தோட்டத்து இலையில் ஒரு லியாங் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. டாக்டருக்கு அதைத்தான் கொடுத்தாராம். தண்ணீரை எப்படி ஆற்றவேண்டும், முதலில் கால்பங்கு தண்ணீர் விட்டு, இலையைப் போட்டு, அரை நிமிடம் சுழற்றிவிட்டு மீதியை ஊற்றவேண்டும் என்பதையெல்லாம் அப்பாவே நின்று சொல்லிக்கொடுத்தாராம். எங்கள் டப்பாக்களில் மூன்று சீல் பிரிக்காமல் புகாருக்காக என் அலமாரியில் இருக்கின்றன. தங்கநிற வட்ட ஸ்டிக்கரில் மலைப்படம் திறக்கிற அதே டப்பா உங்களிடமும் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.